உப்பில்லாத பத்து நாள்

மனநல வாட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் எனக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்துவிட்டது. "ஆ காட்டு மிஸ்."

காலையும் மாலையும் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவோம். ஒரு தாதி நோயாளியின் மருத்துவக் குறிப்பேட்டை வாசிப்பார். எங்கள் ஆஸ்பத்திரிகளில் அதற்கு டிக்கட் என்று பெயர். மற்றவர் குளிசையை எடுத்துச் சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் போடுவார். நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டில். மற்றவர்கள் நாக்கைத் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் கன்னத்தையும் விடமாட்டேன். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு டீச்சரம்மா குளிசையை ஒட்டி வைத்திருந்ததை அப்படித்தான் ஒரு நாள் பிடித்தேன்.

"மிஸ் பல்லு டொக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றார் அவர், பிடிபட்ட கோபத்தில். "எங்க வாய்க்குள்ள என்னத்தத் தேடுறீங்க, தங்கமா?"

வாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அதில் பெருமை. வேலையில் எல்லாவற்றிலும் எனக்குப் பெருமைதான் அப்போது. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படித்து, தாதிப் பயிற்சி முடித்து வந்தவள். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தால் மருந்தியல் புத்தகம் மடியில் விரிந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மருந்துகளின் பக்கவிளைவுகளை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டு போவேன். ஒரு வேலையைப் பழகிவிட்டால் அடுத்ததற்குக் கை அரிக்கும். மனநல வாட்டை நானாகக் கேட்டு வாங்கினேன். வீட்டில் அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

அந்த வாட்டில் இருந்த தாதியரில் நான் ஒருத்திதான் தமிழ். நோயாளிகளிலோ பல நாட்களில் பாதிப்பேர் தோட்டத்து ஆட்கள். டொக்டர்மார் பேசுவது சிங்களத்தில், எழுதுவது இங்கிலீஷில். நான் வருவதற்கு முன்பு அவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் ஒரு அட்டெண்டன்ட். முஸ்லிம் பெண், என்னைவிட நாலைந்து வயது கூட. முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, அவரை நாங்கள் எல்லோரும் ராத்தா என்போம். ராத்தா மொழிபெயர்க்கும் விதமே வேறு. டொக்டர் ஒரு வாக்கியம் சொன்னதும் கையைக் காட்டி நிறுத்துவார். அதைத் தமிழில் சொல்வார். நோயாளி பதில் சொன்னதும் அதை அப்படியே, இருமல் விக்கலைக்கூட விடாமல், சிங்களத்தில் திருப்புவார். பத்து நிமிடப் பேச்சு அரை மணித்தியாலம் ஆகும். தாதியர் அறையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் வந்ததும் அந்தச் சிரிப்புக்கு முடிவு வந்தது. டொக்டர் வாயை மூடுவதற்குள் நான் தமிழில் முடித்திருப்பேன். நோயாளி சுற்றி வளைத்துச் சொன்னதை ஒரே வரியாக்கி டொக்டரிடம் கொடுப்பேன். "நீ வந்த பிறகு கிளினிக் ஒரு மணிக்கே முடிகிறது" என்று எங்கள் பெரிய டொக்டர் மேடம் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் தடவை வந்தபோது நான் அங்கே இல்லை. மூன்று நாள் தூங்காமல், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று பாட்டுப் பாடி, காதில் கிடந்த தோட்டைக் கழற்றி வழியில் போன பெண்ணுக்குக் கொடுத்து, தோட்டத்துத் துரையின் ஜீப்பை மறித்து, "எறங்குடா, நான் ஓட்டுறேன்" என்றாராம். லித்தியம் என்ற குளிசையில் அது அடங்கியது. நன்றாகிவிட்டதே என்று அவராகவே குளிசையை விட்டார். மறுபடியும் வந்தார். இந்த இரண்டாவது தடவையில்தான் எனக்குப் பழக்கம்.

தெளிந்த பிறகு அவரைப் போல் பேச்சுத் துணை கிடையாது. எல்லோரும் மிஸ் என்று கூப்பிட, அவர் மட்டும் தங்கச்சி என்பார்.

"தொர ஜீப்ப ஓட்டுறேன்னு நான் கேட்டது நெசமா தங்கச்சி?"

"நெசந்தான்னு அண்ணன் சொல்றாரு."

"குடுத்திருந்தா ஓட்டியிருப்பேன். அவரு ஓட்டுறதவிட நல்லாவே" என்று சொல்லிவிட்டுக் கணவரைப் பார்ப்பார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அவர் அதிகம் பேசமாட்டார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. மனைவியைப் பார்க்க வரும்போதெல்லாம் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டுதான் வருவார்.

லித்தியம் நல்ல மருந்து, ஆனால் ஒற்றையடிப் பாதையில் நடக்கிற மருந்து. இரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் நஞ்சு. அதுவும் ஒரு உப்புத்தான். நாம் சாப்பிடுகிற உப்பும் தண்ணீரும் உடம்பில் குறைந்தால், சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குளிசையின் அளவு அதேதான், ஆனால் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். கை நடுங்கும், வாந்தி, வயிற்றோட்டம், நடை தள்ளாடும், நாக்குக் குழறும். பரீட்சையில் இதைப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். முழுப் புள்ளி.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிய நாள் கிளினிக் நாள். வெளியே வாங்கில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. கணவர் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் சிங்களத்தில் நிதானமாக, ஐந்தாறு வாக்கியம் சொன்னார். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்கவோ கூட்டவோ கூடாது. வாந்தியோ வயிற்றோட்டமோ நடுக்கமோ வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வர வேண்டும். ஒரு மாதத்தில் இரத்தப் பரிசோதனை.

நான் சொன்னேன்: "அக்கா, அண்ணே, நல்லாக் கேட்டுக்கோங்க. போன தடவ குளுசைய விட்டதாலதான் திரும்ப வந்துச்சு. இனி ஒரு நாளும் விடக்கூடாது. காய்ச்சலா இருந்தாலும் சரி, கல்யாண வீடா இருந்தாலும் சரி, குளுசைய விடவே கூடாது. நல்லாத் தண்ணி குடிங்க. ஒரு மாசத்துல ரத்தம் குடுக்க வாங்க."

இவ்வளவுதான். உப்பு இல்லை. நிறுத்திவிட்டு வரச் சொன்னதும் இல்லை. ஏன் விட்டேன் என்றால், முக்கியமானதை அழுத்திச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்காகும் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அவர் வந்தது குளிசையை விட்டதால். அதை அடைத்துவிட்டால் போதும் என்பது என் கணக்கு.

அக்கா எழும்பும்போது கேட்டார். "தங்கச்சி, எங்க கோயில் திருவிழாவுக்கு இந்த மாசம் காப்புக் கட்டுறாங்க. எனக்கு நல்லானா பால்குடம் எடுக்க வக்கிறேன்னு இவரு மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டாரு. வெரதம் இருக்கலாந்தானே?"

"தாராளமா இருங்கக்கா. குளுசைய மட்டும் விட்றாதீங்க."

மேடம் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன கேட்கிறார்?"

"ஒன்றுமில்லை மேடம். கோவில் விஷயம்."

அவர் மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். அவசரம் என்று சொல்லித் தப்பலாம். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. அதற்குச் சில வாரத்துக்கு முன்பு, தாதியர் அறையில் யாரோ போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். தோட்டத்துத் திருவிழா. முதுகில் முள்ளுக் குத்தி, கயிறு கட்டி இழுக்கிறார்கள். "ஐயோ, இவர்களுக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; என்னைத் தங்களில் ஒருத்தியாக நினைத்த மரியாதை அது. நானும் சிரித்தேன். இப்போது மேடத்துக்கு முன்னால் காப்புக் கட்டு, பால்குடம், விரதம், நேர்த்தி என்று ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் விளக்குவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. விரதம் என்றால் எங்கள் வீட்டில் மீன் இறைச்சி இல்லை, பகலில் ஒரு வேளை சோறு, அவ்வளவுதான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு முறை இருக்கும் என்று தெரியாதவளா நான்? தெரியும். கேட்கத்தான் இல்லை.

மூன்று வாரம் கழித்து, காலை மருந்து நேரத்தில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வாட்டு வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. கணவர் ஒரு பக்கம், சாரதி ஒரு பக்கம். அக்காவின் கால்கள் அகல அகல விழுந்தன, படகில் நடக்கிறவர் மாதிரி. மஞ்சள் சேலையில் வாந்தி காய்ந்திருந்தது.

"குடிச்சிட்டா வந்தீக்கி?" என்று ராத்தா மெதுவாக என்னிடம் கேட்டார். கேலியாக இல்லை. பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது.

அக்கா என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வந்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "த... ங்..." என்று மட்டும் வந்தது. கையை நீட்டினார். அந்தக் கை முழங்கையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்தது.

கட்டிலில் கிடத்தினோம். வாட்டில் அன்றைக்கிருந்த இளம் டொக்டர் சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதிவிட்டு, பழைய மருந்துகளைத் தொடரும்படி போட்டுவிட்டு, மேடத்துக்குப் போன் எடுக்கப் போனார். மருந்து வண்டி அந்தக் கட்டிலுக்கு வந்தது. என்னோடு இருந்த தாதி டிக்கட்டை வாசித்தாள். லித்தியம் கோப்பைக்குள் விழுந்தது. அக்கா, பழக்கத்தில், வாயைத் திறந்தார்.

நான் கோப்பையின் மேல் கையை வைத்து மூடினேன்.

"கொடுக்காதே. நிறுத்து."

"டொக்டர் எழுதியிருக்கிறாரே."

"பரவாயில்லை. கொடுக்கவில்லை என்று எழுது. காரணம் நான் சொல்கிறேன்."

அந்த ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன். சந்தேகம் இருந்தால் கொடுக்காதே, கொடுக்காததை எழுது, உடனே சொல் என்பது எங்களுக்கு முதல் வருடமே படிப்பித்த பாடம்.

பிறகு கணவரிடம் திரும்பினேன். "என்ன நடந்திச்சுண்ணே? எப்ப இருந்து இப்படி?"

"திருவிழா அன்னைக்கு மிஸ். பால்குடம் தூக்கிட்டு வரும்போதே கை ஆட ஆரம்பிச்சிருச்சு. கோயில் வாசல்ல ஒடம்பே ஆடுச்சு. அம்மா எறங்கிட்டான்னு எல்லாரும் கும்பிட்டாங்க. மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க. இவகிட்ட துண்ணூறு வாங்கினாங்க. நானும் விழுந்து கும்பிட்டேன் மிஸ்." அவர் குரல் உடைந்தது. "மறுநாளும் நிக்கல. அப்புறம் வாந்தி, வயித்தால போச்சு. அப்பயும் குளுசைய விடல மிஸ். வாந்தி எடுத்தா திரும்ப ஒண்ணு குடுத்தேன். ஒரு நாளும் விடல."

ஒரு நாளும் விடவில்லை. வாந்தி எடுத்தால் இன்னொன்று. நான் சொன்னதை அவர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்.

"வெரதத்துல என்ன சாப்பிட்டாங்க?"

"பத்து நாளும் உப்பில்லாத வெரதம் மிஸ். ஒரு நேரம் பச்சரிசிச் சோறு, உப்பில்லாம. எங்க கோயில்ல பால்குடத்துக்கு அதுதான் மொற. தண்ணியும் பொழுது சாஞ்சாத்தான்." குற்றம் சொல்கிற குரலில் இல்லை, நினைவுபடுத்துகிற குரலில் சொன்னார்: "நீங்கதானே மிஸ் இருக்கலாம்னு சொன்னீங்க."

ராத்தா அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மேடம் வேகமாக வந்தார். கையை நீட்டச் சொன்னார், கண்ணைப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார், சேலைன் ஏற்றச் சொன்னார், மருத்துவ வாட்டுக்கு மாற்ற ஏற்பாடு செய்யச் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டு, "கணவர் என்ன சொல்கிறார்?" என்றார் என்னிடம்.

நான் சொன்னேன். கோவில் விரதம், பத்து நாள், உப்பே இல்லை, தண்ணீரும் குறைவு, வாந்திக்குப் பிறகும் குளிசை கொடுத்திருக்கிறார். சிகிச்சைக்கு வேண்டிய அத்தனையும் சொன்னேன். கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் அவ்வளவு தெளிவாகச் சொன்னேனே! உப்பைக் குறைக்காதே என்று, வாந்தி வந்தால் நிறுத்து என்று. இந்த மனிதருக்குக் காது இல்லையா? மனைவியைக் கொல்லப் பார்த்தாரா? சொல், அவரிடம் சொல்."

சொல் என்றால் சொல்லத்தானே வேண்டும். என் வேலை அதுதானே.

"டொக்டரம்மா கோபமா இருக்காங்கண்ணே. உப்பக் கொறைக்கக் கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னாங்களாம்."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அறையில் யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில் தேடுகிறார் என்று தெரிந்தது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல், தன் ஞாபகத்தில்தான் பிழை என்று முடிவு செய்துகொண்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். தலை குனிந்தது.

"எனக்குத்தான் வெளங்காமப் போயிருக்கும் மிஸ். மன்னிச்சிருங்கன்னு சொல்லுங்க."

அதை மட்டும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

அக்காவை மாற்றிய பிறகு, கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்த ராத்தா பேச்சைத் தொடங்கினார். "மிஸ், அந்தாள் சென்னதுல கடைசிய நீங்க டொக்டருக்குச் செல்லல்ல."

"அதால மருந்து மாறப்போறதில்ல ராத்தா. சேலைன் சேலைன்தான். யார் பிழையா இருந்தாலும் ஏத்துறது அதத்தான்."

"மருந்து மாறாது" என்றார். விரிப்பைச் சுருட்டிக் கூடையில் போட்டார். "நான் மொழிபெயர்க்கிற காலத்துல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் படிப்பு இல்ல மிஸ். எது முக்கியம், எது முக்கியமில்லண்டு எனக்குத் தெரியா. அதால எல்லாத்தையும் சென்னன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு அட்டெண்டன்ட் என்னிடம் இப்படிப் பேசுவதா என்ற கோபம். வெட்கத்துக்குக் கோபம் நல்ல உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன்.

இரத்தப் பரிசோதனையில் லித்தியம் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. வேலை முடிந்ததும் நான் மருத்துவ வாட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீர் வெளியே வருகிறது என்று கட்டிலில் தொங்கும் தாளை வாசிப்பேன். அக்கா தூங்கிக்கொண்டிருப்பார். தூக்கத்திலும் விரல்கள் அசையும். வெளியே நடைபாதையில் கணவர் குந்தியிருப்பார். இரண்டாம் நாள் தோட்டத்திலிருந்து அக்காவின் தம்பி வந்திருந்தான். நடைபாதை முழுக்கக் கேட்கும்படி, "ஒரு மாத்திர ஒழுங்காக் குடுக்கத் தெரியாதா ஒனக்கு? எங்கக்காவ கொன்னுபோடத்தான் நேந்தியா?" என்று கத்திக்கொண்டிருந்தான். அந்த மனிதர் குந்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் போகாமல் திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள் அக்காவின் டிக்கட் எங்கள் வாட்டுக்கு வந்தது, மேடத்தின் கருத்துக்காக. அவர் எழுதி முடித்து மேசையில் வைத்திருந்தார். நான் எடுத்து வாசித்தேன். இங்கிலீஷில் இரண்டு வரி. கணவர் நம்பத் தகுந்தவர் அல்லர், தெளிவான அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை. இனி மருந்து அவர் கையில் கொடுக்கப்படக் கூடாது, தோட்ட மருந்தகத்தில் நோயாளி தினமும் நேரில் வந்து விழுங்க வேண்டும்.

தோட்ட மருந்தகம் அவர்கள் லயத்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் என்று அக்கா முன்பு சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் அங்கே போனால் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்துக்கு, வந்து சேர முடியாது. பெயர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அது இல்லை. அந்த முதல் வரி. இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த வரி அவர்களோடு போகும். எந்த டொக்டர் திறந்தாலும் முதலில் அதைத்தான் வாசிப்பார். அவர்கள் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில், என் பொய் அந்த மனிதரின் பெயருக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.

"மேடம், இது பிழை. அவரிடம் நான் சொல்லவில்லை."

"எதை?"

"உப்பை. வாந்தி வந்தால் நிறுத்த வேண்டும் என்பதை. விரதம் இருக்கலாமா என்று கேட்டார்கள். நான் இருக்கலாம் என்றேன். நீங்கள் என்ன கேட்கிறார் என்று கேட்டீர்கள். நான் கோவில் விஷயம் என்றேன்."

மேடம் பேனையை மூடி வைத்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். டிக்கட்டை வாங்கினார். எங்கள் கோப்புகளில் எழுதியதை அழிக்க முடியாது; அடியில் இருப்பது வாசிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி இரண்டு வரிக்கும் கோடு போட்டார். கீழே எழுதினார்: அறிவுறுத்தல் முழுமையாக மொழிபெயர்க்கப்படவில்லை. என் பெயரைப் போடவில்லை.

"உன் பெயரை நீயே எழுது. சிஸ்டரிடம் ஒரு கடிதமும் கொடு" என்றார். பிறகு, "அவரிடம் நான் ஏசினேனே. அதைத் திருப்பி எடுக்க எனக்குத் தமிழ் தெரியாது. நீ போய்ச் சொல்" என்றார்.

எழுதினேன். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நான் மருத்துவ வாட்டுக்குப் போனேன்.

அக்கா விழித்திருந்தார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக, சறுக்குகிற மண்ணில் கால் வைக்கிற மாதிரி. தேத்தண்ணிக் கோப்பையைக் கணவர்தான் வாயில் வைத்துக் கொடுத்தார். நடுக்கம் முழுதாகப் போகுமா என்று அங்கிருந்த டொக்டரிடம் கேட்டிருந்தேன். பலருக்குப் போய்விடும், சிலருக்கு நடையிலும் கையிலும் தங்கிவிடும், இப்போது சொல்ல முடியாது என்றார்.

அவரை நடைபாதைக்குக் கூப்பிட்டேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றோம்.

"அண்ணே, ஒங்க மேல பிழை இல்ல. டொக்டரம்மா அன்னைக்கு உப்பப் பத்திச் சொன்னாங்க. நாந்தான் ஒங்களுக்குச் சொல்லல. வாந்தி வந்தா நிறுத்தணும்னு சொன்னாங்க. அதையும் சொல்லல. ஒங்கள ஏசினதும் அதால. டொக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுவாரோ, கை ஓங்குவாரோ என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "மூணு நாளா நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் மிஸ்" என்றார். "அவங்க சொன்னது ஏன் எனக்கு ஞாபகம் வரலன்னு. எனக்கும் அவளுக்கு வந்த மாதிரி மண்டைக்குள்ள ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்."

பிறகு உள்ளே போய், தலையணைக்கு அடியிலிருந்து, டொக்டர்மார் எழுதிக் கொடுக்கும் கிளினிக் கொப்பியை எடுத்து வந்தார். மேல் அட்டைக்குப் பொலித்தீன் போட்டு ஒட்டியிருந்தது.

"இதுல எழுதியிருக்கிறத வாசிங்க. மொதல்ல இருந்து. ஒண்ணு ஒண்ணா."

முதல் தடவை வந்தபோது எழுதியதிலிருந்து தொடங்கினேன். ஒரு வரி வாசித்துத் தமிழில் சொன்னதும் கையைக் காட்டி நிறுத்துவார். அதைத் தன் வாயால் ஒரு தடவை சொல்வார். சரி என்று நான் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒன்று இருந்தது. "மேல்வலிக்குக் கடையில வலிக் குளுச வாங்கிப் போடக்கூடாது. லித்தியம் ரத்தத்துல ஏறிடும்" என்றேன்.

இந்தத் தடவை அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"பால்குடம் தூக்கின தோள் வலிக்குதுன்னா. கடையில வாங்கிக் குடுத்தேன். நாலு நாள், ரெண்டு நேரமும்."

அது மருத்துவ வாட்டில் யாருக்கும் தெரியாத செய்தி. சிறுநீரகம் எவ்வளவு அடிபட்டிருக்கும் என்று பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிய வேண்டிய செய்தி. "இத இப்பவே டொக்டர்கிட்ட சொல்லணும்ணே. வாங்க, நான் சொல்றேன்" என்று கொப்பியை மூடினேன்.

அவர் கொப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் வாங்கினார்.

"நான் சொல்றேன் மிஸ்" என்றார். "ஒங்க வாட்டுல முக்காடு போட்ட ஒரு அக்கா இருக்காங்களே, தமிழ் பேசுறவங்க. அவங்களக் கூட்டிட்டு வர்றீங்களா?"

நான் ராத்தாவைக் கூட்டிவரப் படியிறங்கினேன்.